சுவர்களின் சாட்சியம்: பரங்கிமலை, தாம்பரம், செங்கல்பட்டுத் தேவாலயங்களை முன்வைத்து

1

தேவாலயக் கட்டடங்கள் பற்றித் தமிழில் எழுதப்படுகிறவற்றை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, நூற்றாண்டு மலர்களில் வரும் பங்கு வரலாறு. எந்தச் சாமியார் எந்த வருஷம் கடைக்கால் போட்டார், எந்த ஆயர் வந்து மந்திரித்தார், மணி எந்தத் தேசத்திலிருந்து கப்பலில் வந்தது என்பதோடு அது முடிந்துவிடும். மற்றது, ஆங்கிலப் பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகளை அடியொற்றி வரும் 'பாரம்பரிய'க் கட்டுரை. கோதிக் வளைவு, டோரிக் தூண், வண்ணக் கண்ணாடி, பர்மாத் தேக்கு என்று அதில் ஒரு சாமான் பட்டியல் இருக்கும். இரண்டிலும் கட்டடம் உண்டு. அதற்குள் வந்துபோன ஜனங்கள் கிடையாது.

கட்டடக்கலையைப் 'பாணி'களின் வரலாறாகச் சுருக்குவது அப்பாவித்தனமான காரியமல்ல. பாணி என்று பேச ஆரம்பித்த உடனே கட்டடத்தின் சொந்தக்காரர் லிஸ்பனிலோ லண்டனிலோ போய் உட்கார்ந்துகொள்கிறார். இங்கே கிளிஞ்சல் சுட்டவர், சாந்து அரைத்தவர், தளம் அடித்தவர் எல்லோரும் பேச்சிலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். கட்டி முடித்த பிறகு அதற்குள் யார் எங்கே நின்றார்கள் என்ற கேள்வியும் கூடவே வெளியேறிவிடுகிறது. வெளி என்பது முன்கூட்டியே காலியாகக் கிடப்பதல்ல, சமூக உறவுகள் அதை உற்பத்தி செய்கின்றன என்று ஹென்றி லெஃபெவ்ர் 1974இல் ஒரு புத்தகமே எழுதினார். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துப் புழங்குகிற நமக்கு இதை ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தேவாலயம் என்று வந்ததும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

எனவே இந்தக் கட்டுரையில் நான் நான்கு கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். வாசல் யாருக்குத் திறந்தது? உள்ளே போனவர் எங்கே உட்கார்ந்தார்? செத்தவர் எங்கே புதைக்கப்பட்டார்? சுவரில் யார் பெயர், எந்த மொழியில் இருக்கிறது? சைதாப்பேட்டையில் தொடங்கித் தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுவரை போகிற மின்சார ரயில் பாதைதான் என் வழி. தேவைப்படும் இடத்தில் பாதையை விட்டு விலகிப் போக வேண்டியிருக்கும்.

2

அடையாற்றின் கரையில் சின்னமலை. தோமா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை. அதையொட்டி 1551இல் போர்த்துக்கீசியர் கட்டிய சிறிய கோயில், பக்கத்திலேயே 1971இல் எழுந்த வட்டவடிவக் கோயில். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே ஒரு பாடம். பழைய கோயில் நீளவாக்கில் ஓடுகிறது. பீடம் ஒரு கோடியில், வாசல் மறு கோடியில். யார் பீடத்துக்குக் கிட்டே, யார் வாசலுக்குக் கிட்டே என்ற வரிசையைக் கட்டடமே ஏற்படுத்திக் கொடுத்துவிடுகிறது. புதியது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) பிந்தியது. குருவானவர் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி, லத்தீனை விட்டுத் தமிழில் பூசை வைக்கத் தொடங்கிய காலம் அது. வட்டத்துக்குள் எல்லோரும் பீடத்தைச் சுற்றி உட்காரலாம். வட்டம் போட்டுவிட்டால் கடைசி வரிசை ஒழிந்துவிடும் என்று நம்ப நான் தயாராக இல்லை. ஆனால் கட்டட வடிவம் ஒரு சமூக ஏற்பாடு என்பதும், அதை மாற்ற முடியும் என்பதும் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

பரங்கிமலைக்கு வருவோம். பெயரே ஒரு சண்டை. பிருங்கி முனிவர் தவம் செய்ததால் பிருங்கிமலை என்பது ஒரு கதை. பரங்கிகள் இருந்ததால் பரங்கிமலை என்பது மற்றொன்று. 'பரங்கி' என்ற சொல் வெறுமனே ஐரோப்பியரைக் குறித்ததல்ல. மாட்டுக்கறி தின்று, குடித்து, தீண்டத்தகாதவர்களோடு புழங்கும் கூட்டம் என்ற ஏளனமும் அதில் ஒட்டியிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தான் பரங்கி அல்ல என்று நிறுவப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மதத்தைச் சாதியின் கண்ணாடி வழியாகப் பார்த்த ஒரு சமூகம் மலைக்கு வைத்த பெயர்தான் இன்றைக்கும் ரயில் நிலையத்தின் பெயர்.

மலை உச்சியிலுள்ள கோயிலுக்கு 1547இல் கடைக்கால் தோண்டியபோது ஒரு சிலுவைக்கல் கிடைத்தது. இப்போது அது பீடத்துக்குப் பின்சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. மலைக்கு வருகிறவர்களிடம், "தோமையார் தன் கையாலேயே செதுக்கினது" என்று சொல்லப்படுவது வழக்கம். கல்லைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. முனைகள் மொட்டாக விரியும் சிலுவை, மேலே இறங்கும் புறா, இருபுறமும் தூண்கள், தூண்களின்மேல் மகரங்கள், மகர வாயிலிருந்து புறப்படும் வளைவு. நம் கோயில் வாசல்களில் பார்க்கிற மகர தோரணத்தின் உறவுக்காரச் சிற்பம் இது. வளைவைச் சுற்றி ஓடும் எழுத்து பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம். கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. இதே குடும்பத்துச் சிலுவைகள் கோட்டயம் முதலிய கேரளத்து ஊர்களில் இருக்கின்றன. எழுத்தில்லாத உறவுக்காரச் சிலுவையொன்று 1912இல் அனுராதபுரத்தில் கிடைத்தது. கடல்வழியே வந்த பாரசீக வியாபாரிகளின் கிறித்தவம் இது, போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது.

இந்தக் கல்லெழுத்தை வாசித்த கதை ஒரு நல்ல நாடகம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் ஒரு பிராமணப் பண்டிதரை வரவழைத்து வாசிக்கச் சொன்னார்கள். ஒவ்வோர் எழுத்தும் பல சொற்களைக் குறிக்கும் என்று சொல்லி, சில எழுத்துகளிலிருந்து தோமாவின் முழுச் சரித்திரத்தையும் அவர் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு பண்டிதர் அதை வழிமொழிந்தார். ஐரோப்பா அதை நம்பியது. 1873இல் ஏ.சி. பர்னெல் அது பஹ்லவி என்று வெளியிட்ட பிறகுதான் அந்த வாசிப்பு சரிந்தது. பிற்பாடு அறிஞர்கள் பலர் ஏற்ற வாசிப்பில் அது ஒரு சாதாரண மன்றாட்டு: சஹார்புக்த் என்பவரின் மகன்மேல் கிறிஸ்து இரக்கம் கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். அதிகாரத்துக்குத் தேவைப்பட்ட பிரதியை அதிகாரத்துக்கு அருகிலிருந்த மேல்சாதி அறிவு தயாரித்துக் கொடுத்த நிகழ்வு இது. கல்லில் உண்மையில் இருந்தது ஒரு மனிதனின் பெயரும் அவனுக்கான வேண்டுதலும். வாசிக்கத் தெரியாதவரை அந்த மனிதன் அங்கே இல்லை.

இதே பாரசீகக் கிறித்தவத்தின் இன்னொரு ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கி.பி. 849இல் கொல்லத்தில் அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் எழுதப்பட்டது. சாட்சிகளின் கையெழுத்துகள் பஹ்லவியிலும் அரபியிலும் எபிரேயத்திலும் இருக்கின்றன. உலக வணிகத்தின் அழகான சாட்சியம் என்று இதைக் கொண்டாடுகிறோம், சரி. அதே செப்பேட்டில்தான் ஈழவர் குடிகளும் வண்ணார் குடியும் பள்ளிக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய தேவாலய ஆவணமே கோயிலையும் சாதியையும் உழைப்பையும் ஒரே தகட்டில் எழுதிவைத்திருக்கிறது.

3

மலைக்கு ஏறும் படிக்கட்டைக் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மார்மலாங் பாலத்தைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியவரும் அவர்தான். யாத்திரிகர் மலைக்குப் போய்வர வேண்டும் என்பதே நோக்கம். 1966இல் அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தின் கல்வெட்டு மட்டும் ஓரத்தில் நிற்கிறது. அது மூன்று மொழிகளில் இருக்கிறது: அர்மீனியம், பாரசீகம், லத்தீன். தமிழ் இல்லை. தினம் அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் இந்த மொழித் தேர்வின் அர்த்தம் விளங்கும். கல்வெட்டு பேசியது கடவுளோடும் கும்பனியோடும் நவாபோடும்தான். காய்கறிக் கூடையோடு போனவர்களுக்குச் சொல்ல அதனிடம் செய்தி எதுவுமில்லை.

உஸ்கானின் தரும சிந்தனையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சேர மறுத்துச் சொத்தை இழந்தவர் அவர். நான் கேட்பது இதுதான்: கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கும்போது கட்டியவர் பெயர் எங்கே போனது?

அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடத்துக்கு இரண்டு உயிர்நாடிகள். ஒன்று, 'சென்னைச் சுண்ணாம்பு' என்று உலகமெல்லாம் பேர் வாங்கிய பூச்சு. கடற்கரையிலும் உப்பங்கழியிலும் கிளிஞ்சல் பொறுக்கி, சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, வெல்லமும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, பளிங்கு மாதிரி மின்னும்வரை கல்லால் தேய்ப்பார்கள். மற்றொன்று, 'மெட்ராஸ் டெரஸ்' தளம். தேக்கு உத்திரங்கள்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவது. அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இது எந்தப் புத்தகத்தில் எந்தப் 'பாணி' என்று வரும்? முகப்பு கிரேக்கம், வளைவு கோதிக். அதைத் தூக்கி நிறுத்திய அறிவு இந்த மண்ணுடையது. அறிவு என்றுதான் சொல்கிறேன். கூலி வேலை என்று ஒதுக்கிவைக்கப்பட்ட அறிவு.

மலையடிவாரம் பிறகு கும்பனிப் படையின் பாளையமாயிற்று. மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது அடிக்கோட்டின் வடமுனை இந்த மலைப்பக்கம், தென்முனை பெரும்பாக்கம் குன்று. மலை இப்போது புனிதத்தலமாகவும் பீரங்கி மேடாகவும் அளவைப் புள்ளியாகவும் ஒரே நேரத்தில் இயங்கியது. அடிவாரத்தில் 1820களில் எழுந்த படைக்கோயிலின் சுவர்களில் அதிகாரிகளின் நினைவுக்கற்கள் நிறைய. இருபத்து மூன்று வயதில் காய்ச்சலில் செத்த லெப்டினெண்டுகூட அந்தக் காலத்து நினைவுக்கல்லில் நான்கு வரிப் புகழுரையோடு இருப்பான். பீரங்கியை இழுத்த லஸ்கர்களும் பாளையத்துக்குத் தண்ணீர் சுமந்தவர்களும் மலம் அள்ளியவர்களும் இந்தக் கற்களில் வருவதில்லை. செத்தவர்களுக்குள்ளும் படிவரிசை உண்டு என்பதைக் கல்லறைத் தோட்டங்களைப் போலத் தெளிவாகச் சொல்லக்கூடிய ஆவணம் வேறொன்று இல்லை.

4

பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டித் தாம்பரம். சென்னை கிறித்தவக் கல்லூரி பாரிமுனையிலிருந்து 1937இல் இங்கே சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது. வடிவமைத்தவர் ஹென்றி ஷேட்டி என்ற ஸ்விஸ் கட்டடக்கலைஞர். புதர்க்காட்டுக்கு நடுவே வகுப்பறைகளும் விடுதிகளும் பரவிக் கிடக்கின்றன. பிஷப் ஹீபர் பெயரில் வழிபாட்டுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. ஆனால் வளாகத்தின் முகமாக முன்னே நிற்பது வகுப்பறைக் கட்டடம்தான். மலையுச்சியில் சிலுவையை நட்ட கிறித்தவம், இங்கே கல்வி நிறுவனமாகச் சமவெளிக்கு இறங்கியிருக்கிறது.

இந்தப் புத்தம் புதிய கட்டடங்களில்தான் 1938 டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. சீனாவின் ஹாங்சௌவில் நடக்க வேண்டியது, ஜப்பானியப் படையெடுப்பால் தாம்பரத்துக்கு வந்தது. தலைவர் ஜான் மாட். சுமார் 470 பிரதிநிதிகள். அவர்களில் பாதிக்குமேல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்தவர்கள். டச்சு இறையியலாளர் ஹெண்ட்ரிக் கிரேமர் மாநாட்டுக்கென்றே எழுதிய நூலில் கிறித்தவச் செய்திக்கும் பிற மதங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டார். அதற்கு எதிராகச் சென்னையிலிருந்து பி. செஞ்சையா, வெ. சக்கரை, ஜி.வி. ஜாப் முதலியோர் சேர்ந்து கிறித்தவத்தை மறுசிந்தனை செய்யும் ஒரு தொகுப்பை அதே ஆண்டு வெளியிட்டார்கள். மேற்கிலிருந்து இறக்குமதியான சபை என்ற நிறுவனமே வேண்டுமா என்ற கேள்விவரை செஞ்சையா போனார். சக்கரை தொழிற்சங்கவாதி. 1941இல் சென்னை மேயர், பின்னால் ஏஐடியுசியின் தலைவர். இவர்களைத் தமிழ் இடதுசாரி எழுத்து இன்னும் ஒழுங்காக வாசிக்கவில்லை என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

நம்முடைய விஷயத்துக்கு இது எப்படி வருகிறது? கட்டடக்கலையில் இதே கேள்வி 'சுதேசிப் பாணி' என்ற உருவத்தில் முன்பே எழுந்திருந்தது. திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தில், 1933 வாக்கில் கோபுரத்தோடு திராவிடக் கோயில் அமைப்பில் ஒரு ஜெபாலயம் எழுந்தது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப், தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லில் கட்டிய பேராலயம் தாம்பரம் மாநாடு முடிந்த கையோடு 1939 ஜனவரியில் பிரதிஷ்டையானது. இந்துக் கோயில் தூணும் மசூதியின் குமிழ்மாடமும் அதில் கலந்து நிற்கின்றன. வெள்ளைக்காரன் வளைவை விட்டுவிட்டு நம் தூணுக்கு வந்தது விடுதலை என்று இதையெல்லாம் பாராட்டுவது வழக்கம்.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். 'நம்' தூண் என்றால் யாருடைய தூண்? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. திருப்பத்தூரில் கோபுரம் எழுந்து சுமார் ஆறு வருஷம் கழித்து. கோபுர வாசலில் தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்ட ஒருவருக்கு, தன் புதிய கோயிலின்மேலும் கோபுரத்தைப் பார்க்கும்போது என்ன தோன்றும்? அவருக்கு அது பாரம்பரியமா, பழைய காவல்காரனா? கூரான கோதிக் வளைவு அவருக்கு அந்நியமானதுதான். ஆனால் அதன் அடியில் 'எட்டிப்போ' என்ற சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. மேல்சாதிக் கிறித்தவருக்கு வந்தேறியாகப் பட்ட வடிவம், ஒரு சேரிக் கிறித்தவருக்கு முதன்முதலாகத் திறந்த வாசலாக இருந்திருக்கலாம். சபை என்ற நிறுவனமே வேண்டாம் என்று சொன்னவர்களில் முக்கியமானவர்கள் வக்கீல்கள், நீதிபதிகள், நகரத்துப் படிப்பாளிகள். நிறுவனத்தை உதறிவிட்டுப் போக அவர்களுக்குப் போகுமிடம் இருந்தது. சேரிக்காரருக்குச் சபை என்பது பள்ளிக்கூடம், மருந்து, போலீஸ் ஸ்டேஷனில் பேச ஒரு ஆள். தோர்ணக்கல் அசரியாவின் சபை பெரும்பாலும் மாலா, மாதிகா மக்களால் ஆனது. அவர்கள் அந்தத் தூண்களைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்களா என்பதைத் தூணின் அழகு மட்டும் சொல்லிவிடாது. சுதேசியா விதேசியா என்ற இருமையில் சாதி காணாமல் போகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

5

அதற்காகத் 'திறந்த வாசல்' என்று மிஷன் கோயில்களைக் கொண்டாடிவிட முடியுமா? முடியாது. வாசல் தாண்டியதும் உள்ளே என்ன நடந்தது என்பதற்குத் தமிழ்நாட்டில் கட்டடமே சாட்சியாக நிற்கும் இடங்கள் உண்டு. சென்னைப் புறநகரை விட்டு அங்கே கொஞ்சம் போய்வர வேண்டியிருக்கிறது.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலின் தரைப்படமே சாதியால் வரையப்பட்டது. இரண்டு மண்டபங்கள் இரண்டு கால்களைப் போல விரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். கால்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொல்வார்கள். பீடத்தில் நிற்கும் குருவானவருக்கு இரு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க வேண்டியதில்லை. 1910 வாக்கில் சுவர் இடிக்கப்பட்டபோது வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள். தனி இடத்துக்கு உரிமை கிடையாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். உலகக் கட்டடக்கலை வரலாற்றில் தமிழ்க் கிறித்தவத்தின் தனிப் பங்களிப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், வெட்கத்தோடு இந்தத் தரைப்படத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சீர்திருத்த சபைகளும் யோக்கியம் இல்லை. பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே சாதிக்கு ஆதரவாக எழுதினார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைத் தனியே பிரிக்கும் சுவரை எதிர்த்துப் பல காலம் போராட்டம் நடந்தது. ஏறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில், 2008 மார்ச்சில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அங்கே பிரச்சினை எந்தத் தெரு வழியாகச் சவம் போகலாம், எந்தக் கோயிலில் யார் பூசை காணலாம் என்பது. கட்டடக்கலை வேறு, சாதிச் சண்டை வேறு என்று இனியும் எப்படிச் சொல்வது?

6

மறுபடியும் ரயில் பாதைக்கு வருகிறேன். தாம்பரம் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு. இந்த வட்டாரத்தில்தான் ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலமற்ற நிலை பற்றி அறிக்கை எழுதினார். மிராசுதாரர்கள் அவர்களுக்கு நிலம் கிடைக்கவிடாமல் செய்த தந்திரங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. 1892இன் பஞ்சமி நில ஆணை அதிலிருந்து வந்தது. ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்து மிஷனெரி செங்கல்பட்டுப் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஒரு குடியிருப்பையே உண்டாக்கினார். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் நம்மூர் 'புரத்தோடு' ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்தச் சேரிகளில் எழுந்த தேவாலயத்துக்கு எந்தப் பாணிப் புத்தகத்திலும் பெயரில்லை. நான் அதைப் பள்ளிக்கூடக் கோயில் என்று அழைக்கிறேன். ஒரே ஒரு கூடம். மண்சுவர், ஓலைக்கூரை. ஆறு நாள் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். கரும்பலகைக்கு மேலே சிலுவை. வாத்தியாரே உபதேசியார். பெஞ்சு கிடையாது, ஆண்கள் ஒருபக்கம் பெண்கள் ஒருபக்கம் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது, இப்போது கான்கிரீட். ஒவ்வொரு முறையும் பழையது முழுசாக இடிக்கப்பட்டது, பதிவில்லாமல். எழுத்தும் வேதமும் ஒரே கூரையின்கீழ் கிடைத்த அந்தக் கூடம்தான் என் கணக்கில் தென்சென்னைப் புறநகரின் மிக முக்கியமான தேவாலய வடிவம். பாரம்பரியப் பட்டியல் தயாரிக்கிறவர்கள் அதன் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. நூறு வருஷத்துச் சுவர் அங்கே இல்லை என்பது அவர்கள் பதில். நூறு வருஷம் நிற்கிற சுவர் கட்ட நிலமும் காசும் யாரிடம் இருந்தது என்பது என் கேள்வி.

நிலம் என்றதும் காரணை நினைவுக்கு வருகிறது. பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள்: ஜான் தாமஸ், ஏழுமலை. மலையுச்சியில் நானூறு வருஷமாகப் போற்றப்படும் அந்தத் தோமாவின் பெயரைச் சுமந்த ஒருவர் மலைக்குத் தெற்கே, ஏழுமலை என்ற பெயர்கொண்டவரோடு சேர்ந்து, நிலத்துக்காகச் சாகிறார்.

7

இதையெல்லாம் எழுதுவதால் என்ன ஆகும் என்று களத்தில் வேலை செய்கிற தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலை ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

சூசை ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. சென்னை ரத்தன் பஜார் பக்கம் தெருவோரத்தில் தொழில் செய்தவர். 1982இல் அரசு, செருப்புத் தைக்கும் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறித்தவர். 1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி; 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது, கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. சூசையின் மனுவை உச்சநீதிமன்றம் 1985இல் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் கொடுமை கிறித்தவச் சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்கான ஆதாரம் போதவில்லை என்றது.

ஆதாரம் போதவில்லையாம்! கால்சட்டைக் கோயிலின் தரைப்படம் ஆதாரம் இல்லையா? கல்லறைத் தோட்டத்துச் சுவர்? பெஞ்சும் தரையும்? சேரிக்குத் தனிச் சிற்றாலயமும் ஊருக்குத் தாய்க்கோயிலும் எழுந்து நிற்கும் நூற்றுக்கணக்கான ஊர்களின் வரைபடம்? ஆதாரம் செங்கல்லும் சுண்ணாம்புமாக எங்கும் நின்றுகொண்டிருந்தது. அதை ஆதாரமாக எழுதிவைக்க வேண்டியவர்கள் வளைவையும் வண்ணக் கண்ணாடியையும் வர்ணித்துக்கொண்டிருந்தார்கள். கட்டடக்கலை வரலாற்றின் மௌனத்துக்கு ஒரு விலை உண்டு என்றால், தெருவோரத்துச் சூசைக்குக் கிடைக்காமல் போன பெட்டிக்கடை அதில் ஒன்று.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறினால் தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ் போகும். தமிழ்நாட்டில் கிறித்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் தள்ளப்படுகிறார். எனவே பலர் காகிதத்தில் இந்து, ஞாயிற்றுக்கிழமையில் கிறித்தவர். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்கு ஒழுங்காகப் போய்வரும் ஒருவர் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பதை ஏற்கவில்லை. கோயில் வாசலைத் தாண்டுவதே நீதிமன்றத்தில் எதிர்ச்சான்று ஆகிறது. ஊர்க் கோயிலின் வாசலுக்குள் நுழையக் கூடாது என்றிருந்த ஜனத்துக்கு, நுழைந்த வாசலே கண்ணியாக மாறியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் கோயில் வரலாற்றைப் பதிவேடுகளிலிருந்து எழுத முடியாது. அவர்கள் பதிவேட்டில் இருக்கமாட்டார்கள். கட்டடத்திலிருந்தும் வாய்மொழியிலிருந்தும்தான் எழுத முடியும்.

மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதற்கு முன் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்கச் சொல்லியிருந்தது. ஆணையங்கள் வரும் போகும். அவற்றின் முன்னால் வைக்க நம் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

பெரிய செலவில்லாத ஒரு வேலைத்திட்டத்தை முன்வைக்கிறேன். அவரவர் ஊரில் உள்ள தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். அளவு நாடாவும் ஒரு நோட்டும் போதும். தரைப்படம் வரையுங்கள். எத்தனை வாசல், எது எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று குறியுங்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், எப்போது மாறியது என்று வயசானவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் சுவரோ வேலியோ பாதையோ எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது, எந்தத் தெருவுக்கு வராமல் திரும்புகிறது என்று எழுதுங்கள். இடிக்கப்பட்ட பழைய கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், ஓலை யார் முடைந்தது, மண் யார் சுமந்தது என்று பெயரோடு கேட்டு எழுதுங்கள். உயிரோடிருப்பவருக்குப் பங்கம் வராதபடி அந்தப் பெயர்களைப் பத்திரமாக வையுங்கள்.

பரங்கிமலைக் கல்லில் சஹார்புக்தின் மகன் தனக்கு இரக்கம் வேண்டிக்கொண்டது ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்துத்தான் சரியாக வாசிக்கப்பட்டது. பள்ளிக்கூடக் கோயில்களைக் கட்டியவர்கள் கல்லில் எழுதவில்லை. அவர்களில் கடைசியாக மிச்சமிருக்கிறவர்கள் இப்போது எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். கேட்பதாக இருந்தால் இந்த வருஷமே கேட்க வேண்டும்.